ஒரு முழம் ஒயர்

தாராவியில் எங்கள் எதிர்வீட்டு அறை பத்துக்குப் பத்துதான். அதற்குள் நாகராஜும் அவன் மனைவி கலைச்செல்வியும் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கிறார்கள். தன் தங்கை முன்னால் ‘இவ சும்மா பொம்ம வரைஞ்சிக்கிட்டிருக்கா’ என்று அவன் கேலியாகச் சொன்னதிலிருந்து மூன்று நாளாகப் பேச்சில்லை. நான் வாசலில் துணி உலர்த்துகிறேன். ஒரே பாவாடையை நாலாவது தடவை உதறுகிறேன், அது வேறு விஷயம். பஸ் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில், பஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டக் கலைச்செல்வி செல்போனில் மயில் வரைந்திருக்கிறாள். நாலு மணிக்குள் அனுப்பினால்தான் போட்டியில் சேர்ப்பார்கள். விளையாட்டு ஏற்கும் விதமாகப் படத்தை மாற்றத் தெரிந்தவன், மடியில் லேப்டாப்போடு இருக்கும் அவன்தான். கையெட்டும் தூரத்தில் இருப்பவனுக்கு அவள் மெசேஜில் அனுப்புகிறாள்.

“யக்கா, தோகையெல்லாம் கட்டங்கட்டமா கலங்கிக் கெடக்குன்னு அவகிட்ட சொல்லுங்க.”

“யக்கா, எம்போன்ல நல்லாத்தான் இருக்குன்னு அவுககிட்ட சொல்லுங்க.”

நான் சொல்லவில்லை. இருவருக்கும் காது இருக்கிறது.

“மெசேஜ்ல போனா படத்தப் பிழிஞ்சுதான் அனுப்பும். ஒயர்ல எடுத்தாத்தான் முழுசா வரும்னு சொல்லுங்க.”

மணி மூன்றே முக்கால். ஆணியில் தொங்கும் சார்ஜர் ஒயரை எடுத்துப் போனில் சொருகி, மறுமுனையைத் திரும்பிப் பாராமல் பின்னால் நீட்டுகிறாள். ஒரு முழ ஒயர் அவன் மடிவரை எட்டவில்லை. அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து, அவள் தோளோரம் வந்து உட்கார்ந்து ஒயரைச் சொருகுகிறான். திரையில் மயில் பளிச்சென்று விரிகிறது.

“ஒவ்வொரு எறகையும் தனித்தனியா வரைஞ்சிருக்கியே, செல்வி” என்கிறான்.

இந்தமுறை என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நான் பாவாடையைக் கொடியில் போடுகிறேன்.