அட்லஸில் நீலக் கறை

எல்லையில் சண்டை மூண்டு மூன்று நாளாகிறது. மார்க்கையன்கோட்டைப் பக்கத்து ஊர் நூலகமொன்றில் காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் வரிவரியாகப் போட்டிருக்கிறது. அந்த நிழலுக்குள் அட்லஸ் காஷ்மீர் பக்கத்தில் விரிந்து கிடக்கிறது. ஒரே இடத்தில் தொட்டுத் தொட்டு நீலமாகக் கறையேறியிருக்கிறது ஒரு விரல் ரேகை. உள்ளே வந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அதன்மேல் பேனாவால் தட்டுகிறார். "ராணுவம் நிக்கிற எடத்தையே யாரோ தெனம் வந்து பாக்குறாக. வந்தவுக பேரு எழுதுற நோட்டைக் குடுங்க." நூலகர் தேவயானி, காற்றாடிக்குப் படபடக்கும் வருகைப் பதிவேட்டின்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்கிறாள். திராட்சைத் தோட்டத்தில் நீல மருந்து கலக்கும் பவுனக்காவின் விரல் அது. 'பட்டாளத்துக்குப் போன எம் மகன் எங்கன நிக்கிறான்?' என்று அவள் கேட்கும்போதெல்லாம், அந்த விரலைப் பிடித்து அங்கே வைப்பவளே தேவயானிதான். அது கிடக்கட்டும், இந்த ஆள் யார்? வாசலில் இத்தனை இடமிருக்க, வண்டியை ஏன் சந்துக்குள் நிறுத்தினார்?

"நீங்க எந்த ஆபீஸ்ங்க?"

"அதெல்லாம் எதுக்கு? இது நாட்டு விசயம்."

பழைய பக்கங்களை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, பதிவேட்டின் புதுப் பக்கத்தை அவர் பக்கம் திருப்புகிறாள். "உள்ள வந்தவுக எல்லாரும் எழுதணும். பேரு, ஊரு, கையெழுத்து. மொதல்ல அத எழுதுங்க."

தட்டிக்கொண்டிருந்த பேனா நிற்கிறது.

"இந்தப் பேனா எழுதாதும்மா" என்கிறார்.

மேசையில் கயிறு கட்டியிருக்கும் பேனாவை அவள் நீட்டுகிறாள். அவர் வாசலைப் பார்க்கிறார்.