பாதிப் பெயர்

எட்டாம் எண்ணை அறிவித்துவிட்டேன். கைதட்டல் எழுந்து அடங்கியது.

அடுத்தது ஒன்பது.

மைக்கின் பொத்தான் மேல் என் கட்டைவிரல் இருந்தது. அழுத்த மாட்டேன் என்றது. என் விரல்தான், என் பேச்சைக் கேட்கவில்லை.

அறிவிப்பு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கால்பந்து மைதானம் நிரம்பி வழிந்தது. நான் பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகச் சுரங்கவழியிலிருந்து ஓடி வருவார்கள். வந்தவர்கள் புல்லில் நின்று காலை உதறிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் எண்ணுக்கு மட்டும் எங்கள் மைதானத்தில் தனி வழக்கம். நான் "சூறா..." என்று இழுத்து நிறுத்துவேன். "வளி!" என்று கூட்டம் முடித்துவைக்கும். அந்தப் பட்டப்பெயரை அவனுக்கு வைத்தவன் நான். அதை இரண்டாக வெட்டிப் பாதியைக் கூட்டத்துக்குக் கொடுத்தவனும் நான்தான். இப்படி வந்து நிற்கும் என்று யார் கண்டது?

எங்கள் கிளப்பில் டிக்கெட் கொடுக்கும் பெண்ணுக்குத் தாடை எலும்பு உடைந்திருக்கிறது. கவுண்டருக்குப் பின்னால் வைத்து அடித்தது அவன்தான் என்று போலீஸில் சொல்லியிருக்கிறாள். சொல்லியிருக்கிறாள் என்றால், எழுதிக் காட்டியிருக்கிறாள். வாயைக் கம்பி போட்டுக் கட்டிவைத்திருக்கும்போது எங்கே பேசுவது? ஆட்டம் நடக்கிற நாளெல்லாம், "சித்தப்பா, இன்னைக்குத் தொண்டை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னை உள்ளே விடுவாள். இன்று அந்தக் கவுண்டரில் வேறு யாரோ இருந்தார்கள்.

அவள் வாய் கட்டிக் கிடக்கிறது. நான் அவன் பெயரை வாய் நிறையச் சொல்ல வேண்டுமாம்.

கிளப் என்ன செய்தது? அவனுக்கு ஓய்வு கொடுத்தது. தண்டனை இல்லை, ஓய்வு. அவன் இல்லாமல் ஆடிய இரண்டு ஆட்டத்திலும் தோற்றோம். உடனே ஓய்வு போதும் என்று ஆகிவிட்டது. அறிக்கை வேறு விட்டார்கள்: இது மைதானத்துக்கு வெளியே நடந்த விஷயமாம். பூசி மெழுகுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? டிக்கெட் கவுண்டர் மைதானத்துக்கு வெளியே இருக்கிறது, அதை வைத்துச் சொன்னார்களோ என்னவோ.

என் முதுகுக்குப் பின்னால் கிளப் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். ஆட்டத்தன்று இந்த அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன்.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா? ஒம்பது. சொல்லுங்க."

"வாய் வரல சார்."

"கோர்ட்டே இன்னும் ஒண்ணும் சொல்லல. அதுக்குள்ள நீங்க யாரு தீர்ப்பு சொல்ல? பேரைச் சொல்றதுதானே உங்க வேலை?"

நியாயம்தான். நான் நீதிபதி இல்லை. அவன் அடிக்கவில்லை என்று நாளைக்கே தெரியவரலாம். தெரியட்டும், தொண்டை கிழிய நானே கத்துகிறேன். ஆனால் போன வருஷம் பந்துகள் காணவில்லை என்று இதே மனுஷன் காவலாளியை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினாரே, அப்போது எந்தக் கோர்ட்டைக் கேட்டார்? பந்தெல்லாம் பிறகு கூரை மேல் கிடைத்தது. காவலாளியை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அவர் என்ன கோல் அடிக்கிறவரா?

நினைக்க நினைக்க எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இத்தனை வருஷம் கூலிக்கு மாரடித்தது போதும் என்று தோன்றியது. பொத்தானை அழுத்தினேன்.

"பத்தாம் எண்..."

"அடப்பாவி மனுஷா!" என்றார் செயலாளர்.

பத்தாம் எண் ஆட்டக்காரன் சுரங்கவழி வாசலில் தயங்கி நின்றான். வரிசையில் அவனுக்கு முன்னால் இன்னொருவன் நின்றுகொண்டிருந்தானே, அவனைத் தாண்டி எப்படி வருவான்?

எட்டுக்கு அப்புறம் பத்து. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை நிறுத்தியது. அவ்வளவு பெரிய மைதானம் அப்படி அமைதியாகி நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது எனக்கு. பரவாயில்லையே, இவர்களுக்கும் உறுத்துகிறதே என்று நினைத்தேன். வேலை போனால் போகட்டும்.

அப்போது கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்த வரிசைகளில் ஒரே ஒரு குரல் எழுந்தது.

"சூறா... வளி!"

என் பாதியையும் சேர்த்து, நான் இழுப்பதைப் போலவே இழுத்து, முழுசாக.

அவ்வளவுதான். மொத்த மைதானமும் எழுந்து அதைப் பிடித்துக்கொண்டது. எங்கள் கூட்டத்துக்கு ளகரம் வராது. மைக்கிலேயே எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "வலி! வலி! வலி!" என்றுதான் கத்தும். இன்றும் அப்படித்தான் கத்தியது. அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"பாத்தீங்களா? நீங்க இல்லாட்டியும் கூப்பிட ஆளிருக்கு" என்றார் செயலாளர்.

நான் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் தேடினேன். முதலில் எழுந்த அந்தக் குரலில் ளகரம் சுத்தமாக இருந்தது. நாக்கை ஒழுங்காக மடித்து, மேலண்ணத்தைத் தொட்டு எடுத்த ளகரம். வாளி, பள்ளி, வெள்ளி என்று மடியில் உட்கார வைத்து நான் பழக்கியது.

என் மகள் நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, மறுபடியும் கூப்பிட்டாள்.