கன்ட்ரோலர் பொருந்தவில்லை

“சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சா முடிங்க. முடியலைன்னா, முடியலைன்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க. சும்மா இழுத்தடிக்காதீங்க.”

மேலாளர் இப்படித்தான் அவளை வரவேற்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அவள் தலைமை அலுவலகம் அனுப்பிய சாப்ட்வேர் இன்ஜினியர். ஒப்பந்த வேலை. இந்தத் தொழிற்சாலையில் சோப்புப் பெட்டிகளை எடுத்து, அடுக்கும் பெண்கள் முன்னால் வைக்கும் ரோபோ கையைப் புது சாப்ட்வேரோடு இணைத்துவிட்டால் வேலை நிரந்தரம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இணைத்துவிட்டால், இப்போது மெதுவாக ஓடும் கையின் வேகத்தைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கூட்டலாம், குறைக்கலாம். யாரும் குறைக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

“முன்னாடி வந்த இன்ஜினியர்களுக்கு என்ன சார் பிரச்சினை?”

“கையை ஆட்டி வைக்கிற கன்ட்ரோலர் பழசாம். அதோட பேசற சாப்ட்வேர், ஏதோ லைப்ரரியாம், அது புதுசாம். ஒத்து வரலைன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச லைப்ரரியில புஸ்தகம்தாம்மா இருக்கும்!”

சொல்லிவிட்டு, பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் திரும்பினார். “அங்க என்ன பேச்சு? கை வேலை செஞ்சா போதும், வாய் வேண்டாம்!”

தங்கமான மனுஷன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

இயக்கியதுமே சிவப்பு எழுத்து. ‘லைப்ரரியின் பதிப்பு கன்ட்ரோலருக்குப் பொருந்தவில்லை.’

பழைய பதிப்பைப் போட்டாள். அதைவிடப் பழையதைப் போட்டாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினாள். ஊஹும். கடைசியில் கேபிள்மேல் சந்தேகம் வந்து, அதைப் பிடுங்கித் துடைத்தாள். திரும்பச் செருக மறந்து, இன்னொரு முறை இயக்கிவிட்டாள்.

அப்போதும் ‘கன்ட்ரோலருக்குப் பொருந்தவில்லை’ என்றது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேபிள் அவள் கையில் இருக்கிறது. கன்ட்ரோலரை ஒரு வார்த்தை கேட்காமலே பொருந்தவில்லை என்று எப்படிச் சொல்கிறது?

தோண்டிப் பார்த்தாள். லைப்ரரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே தூது போவதற்கு இங்கேயே யாரோ எழுதிய குட்டி புரோகிராம் ஒன்று இருந்தது. அதில் ஒரு வரி. எந்தப் பதிப்பு வந்தாலும் சரி, பொருந்தவில்லை என்று சொல்லிவிடு. அவ்வளவுதான்.

எந்தப் புண்ணியவான் செய்த வேலை இது? உடம்பு வளையாத எவனோ ஒரு இன்ஜினியர். மனதாரத் திட்டிக்கொண்டே அந்த வரியை நீக்கினாள். கேபிளைச் செருகி, தலைமை அலுவலகம் சொன்ன வேகத்தைக் கொடுத்தாள்.

கை எழுந்தது.

அப்பா, என்ன வேகம்! பெட்டியை எடுத்ததும் தெரியவில்லை, வைத்ததும் தெரியவில்லை. ஒரு மூலைகூட நசுங்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெண்களும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

“அம்மாடி! நீயாம்மா இதைப் பண்ணே?” என்றாள் வரிசையில் முதலில் நின்ற அக்கா.

“ஆமாக்கா!” பெருமை பிடிபடவில்லை. ‘இனிமேல் நிரந்தரம்’ என்று வீட்டுக்காரருக்குச் செய்திகூட அடித்துவிட்டாள். ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருந்தாள்.

ஓடியது. ஒழுங்காகத்தான் ஓடியது.

ஆனால் வரிசையில் பேச்சு நின்றுவிட்டது. அதுவரை ஒருத்தி நகர்ந்து போனால், பக்கத்தில் இருப்பவள் அவள் பங்கையும் சேர்த்து அடுக்குவாள். இப்போது யாருக்கும் தன் பங்குக்கே கை போதவில்லை. பெட்டிமேல் பெட்டி வந்து விழுந்துகொண்டே இருந்தது.

அக்கா கால் மாற்றி மாற்றி நின்றாள். பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லக் கேட்டாள்.

“ஏம்மா, இது எப்ப நிக்கும்? பாத்ரூம் போகணும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. சட்டென்று நிறுத்தினாள். அக்கா ஓடினாள். மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலுக்குப் பாய்ந்தார்கள்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரியைச் சோம்பேறி எழுதியிருக்க முடியாது. யாரோ இந்த வரிசைக்குப் பக்கத்தில் நின்று, இவர்கள் முகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பக்கம் பக்கமாக எத்தனையோ மேதாவிகள் எழுதிய புரோகிராமை அவள் படித்திருக்கிறாள். ஒரே வரியில் இத்தனை பேருக்கு மூச்சு விட நேரம் வாங்கிக் கொடுத்த புரோகிராமை இன்றுதான் பார்க்கிறாள். முகம் தெரியாத அந்த ஆளை நினைத்து மலைத்துப்போனாள்.

நிரந்தர வேலையும் நினைவுக்கு வராமல் இல்லை. வீட்டுக்காரருக்கு அடித்த செய்தியை ஒரு முறை படித்தாள். அழித்தாள்.

நீக்கிய வரியைத் திரும்ப எழுதினாள்.

மாலை மேலாளர் வந்தார். “என்ன, ஆச்சா?”

“இல்ல சார். பொருந்தலை.”

“நடுவுல கை பறக்கிற சத்தம் என் ரூம் வரைக்கும் கேட்டுதே?”

“அது... ஏதோ தப்பா ஓடிடுச்சு சார்.”

அவர் அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். கீபோர்டில் விரல்கள் பழகிய வேகத்தில் ஓடின. எங்கும் தேடாமல் நேராக அந்த வரியில் போய் நின்றார்.

மாட்டிக்கொண்டோம் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“திரும்பப் போட்டுட்டீங்க, சந்தோஷம்,” என்றார் தணிந்த குரலில். “அப்படியே இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமா எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா. நான் புரோகிராம் எழுதறதை விட்டு ரொம்ப வருஷமாச்சு, என் வரியை வர்றவங்க கண்டுபிடிச்சிடறாங்க.”