குறுக்கே வந்த குரல்

விசில் ஊதியதும் அரங்கமே அலறியது. அறுவைக்குப் பின் தொண்டையில் பொருத்திய, உதடசைவைக் குரலாக்கும் குரல்சில்லு இன்றும் தாமதித்தால், கபடி வர்ணனையாளர் மாசிலாமணிக்கு வேலை போய்விடும்.

கோளாறை, நிரல் எழுதும் மனைவி யாழினி நேற்றுதான் பிடித்தாள். சில்லில் இருந்தது ஓட ஓட வேகம் பிடிக்கும் நிரல். ஆட்டக்காரர் பெயரும் புள்ளியும் ஒரே நினைவுப் பெட்டியில் மாறி மாறி வந்ததால், ஒவ்வொரு முறையும் குழம்பி முதலிலிருந்து தொடங்கிப் பின்தங்கியது. இரண்டையும் பிரித்து எழுதிவிட்டாள்.

“தொட்டுட்டான் செங்குட்டுவன்! மூணு புள்ளி!”

ரசிகர்களின் கூச்சலோடு சேர்ந்தே மாசிலாமணியின் குரல் முழங்கியது. மேலாளரே எழுந்து கைதட்டினார்.

யாழினி ஓடிவந்தாள். “பார்த்தீங்களா? நான் அப்பவே சொன்னேன், நீங்கதான்...”

“நிறுத்துடி, என்னைப் பேச விடு!”

அவள் கண்கள் கலங்கின. “ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னிக்குத்தாங்க முதல் தடவையா என் பேச்சுல குறுக்கே வந்திருக்கீங்க!”