யாருக்கும் வேண்டாத கடலை

மழை பொய்த்த வருஷம் அது. புளியமரப் பொந்தில் இருந்த அணில் குடும்பத்துக்கு மிஞ்சியது ஒரே ஒரு வேர்க்கடலை.

“நான் வர்ற வழியிலேயே அத்திப்பழம் தின்னுட்டேன்” என்றது அப்பா அணில்.

“எனக்கு இன்னிக்கு விரதம்” என்றது அம்மா அணில்.

“எனக்குக் கடலையே பிடிக்காது” என்றது குட்டி.

கிளையில் இருந்த காகம், “அடடா, வீணாப் போகுதே!” என்று கடலையைக் கவ்விக்கொண்டு பறந்தது. காகத்தைக் குறை சொல்லி என்ன பயன்? மூவர் சொன்னதையும் அது நம்பிவிட்டது. மூன்று வயிறும் சேர்ந்து இரைந்தன.

மறுநாள் அம்மா அணில் ஒரு கொய்யாப் பிஞ்சோடு வந்தது.

“எனக்குப் பசியில உயிர் போகுது” என்றது.

“எனக்கும்தான்” என்றது அப்பா அணில், மெதுவாக.

குட்டி அதற்குள் பிஞ்சை மூன்றாகக் கடிக்கத் தொடங்கியிருந்தது.