கலிஃபோர்னியாவுக்குக் கொடுத்த அவகாசம்

சாயங்காலம் கடல் வரப்போகிறது. அதற்குள் உருளைக்கிழங்கு சாலட் ஆற வேண்டுமே என்பதுதான் என் மனைவி டார்லீனின் கவலை.

எங்கள் வீடு அரிசோனா பாலைவனத்தில், ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. டார்லீனின் வாய் வழியாக ஆல்டோர் என்றொரு ஆவி பேசும். பூமி புரண்டு கலிஃபோர்னியா மொத்தமும் முழுகும், அலை இந்த மேட்டடியில் வந்து நிற்கும் என்று அது சொன்ன பிறகுதான் அந்த மாநிலத்தின் சான் டியேகோ நகரை விட்டு இங்கே வந்தோம். அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. அங்கேயே தங்கிவிட்ட எங்கள் மகள் கொரீனை நினைத்து அவள் அழாத வாரமும் இல்லை.

ஆல்டோர் நாள் குறித்தால் மட்டும் கொரீன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள், அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதே என்று.

எனக்குக் கொண்டாட்டம்தான். உலகம் அழிந்தால்தான் மகளைப் பார்க்க முடிகிறது, என்ன செய்ய!

மேற்கே பார்த்து மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு ஹாங்க் நீச்சல் டிராயரோடு வந்திருந்தான். வெயில் இறங்கியது. கள்ளிச்செடிகளுக்கு அப்பால் புழுதிதான் பறந்தது.

"கடல் டிராஃபிக்ல மாட்டிக்கிச்சு போல," என்றாள் கொரீன்.

எல்லாரும் சிரித்தோம், டார்லீனைத் தவிர. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவை திரும்பிப் போகாதடி. இங்கயே இருந்துடு."

கொரீன் அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். "எப்படிம்மா? என் வேலை, அவர் வேலை, டாக்டர் எல்லாம் அங்கதான். பிரசவத்துக்கு நீதான் அங்க வரணும். நீ இல்லாம எனக்குப் பயமா இருக்கும்மா."

அடடா, பேரப்பிள்ளை! நான் துள்ளி எழுந்ததில் ஐஸ் டீ முழுவதும் ஹாங்க்கின் காலில் கொட்டியது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று அவன் நாற்காலி மேல் ஏறிவிட்டான்.

அவனை இறக்கி உட்கார வைப்பதற்குள் டார்லீன் கண்களை மூடியிருந்தாள். தலை பின்னால் சாய்ந்தது. ஆல்டோரின் கட்டைக் குரல் கிளம்பியது.

"கலிஃபோர்னியா ஒத்திவைக்கப்படுகிறது."

"எதுவரைக்கும், சாமி?" என்றான் ஹாங்க் பவ்வியமாக.

ஆல்டோர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அதே கட்டைக் குரலில் கேட்டது.

"டெலிவரி எப்போ?"

"ஏப்ரல்ல," என்றாள் கொரீன், சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

"அப்படியானால், குழந்தை நடக்கும்வரை."

நாங்கள் மூவரும் கைதட்டிவிட்டு சாலட்டின் மேல் பாய்ந்தோம்.

வழக்கமாக ஆல்டோர் போனதும் டார்லீனுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று என்னைத் துளைத்தெடுத்துவிடுவாள். இன்று கேட்கவில்லை. மகளுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நேரே உள்ளே போனாள்.

தட்டுகளோடு நான் சமையலறைக்குப் போனபோது, முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஏரிக்கரைப் படகுக் கடைக்கு.

"லைஃப் ஜாக்கெட்தாங்க, ஏப்ரல்ல சான் டியேகோவுக்கு எடுத்துட்டுப் போக. பெரியவங்களுக்கு நாலு. அப்புறம்... இப்பதான் பிறந்த குழந்தைக்குப் போடுற மாதிரி ஒண்ணு இருக்குமா?"