மூணாம் நம்பர் பாயிண்ட்

மூணாம் நம்பர் பாயிண்ட் மோட்டாரின் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தாள் பெர்னதெத். பிறகு ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி, பாதியில் விட்ட மீனுக்கு மஞ்சள் தடவ உட்கார்ந்தாள்.

லிங்கராஜபுரம் வீட்டின் ஹாலையே அடைத்துக்கொண்டு கிடந்தது அவள் கணவர் தியோடரின் பொம்மை ரயில். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பது வருஷம் இருந்த மனுஷர். இங்கேயும் பட்டனைத் தட்டினால் மோட்டார் தண்டவாளத்தைத் தள்ளி, ரயிலை வேறு லைனுக்குத் திருப்பும்; அப்படித் திரும்பும் இடம்தான் பாயிண்ட்.

பக்கவாதம் வந்து மூன்று மாதம். வலது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "இப்போ பழக்கலேன்னா கை இப்படியே நின்னுடும்" என்று சொல்லி, பிசியோதெரபிஸ்ட் ஷ்ரேயாஸ் அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தான். தியோடர் அதைப் பக்கத்து வீட்டு நாய்க்கு வீசிவிட்டார்.

"பந்து வச்சு விளையாட நான் என்ன எல்கேஜியா? எவனும் வந்து என் கையைப் பிடிச்சு ஆட்ட வேணாம். அவனை இனிமே கேட்டுக்குள்ள விடாதே."

கெஞ்சினாள், சண்டை போட்டாள், அழுதும் பார்த்தாள். மனுஷர் மசியவில்லை. அந்தக் கை போய்விடுமோ என்ற பயத்தில்தான் இந்தத் திருட்டு வேலையில் இறங்கினாள். பத்து நாளாகத் தினம் ஒரு வயர்.

"மூணு மறுபடி போச்சு" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

"ரிப்பேர் பண்ண யாரையாவது கூப்பிடவா?" என்று வேண்டுமென்றே கேட்டாள்.

"என் லைன்ல இன்னொருத்தன் கை வைக்கிறதா? வந்து டார்ச்சைப் பிடி."

மீட்டரை வைத்துப் பார்த்தார். "பட்டன்கிட்ட கரண்ட் இருக்கு. மோட்டாருக்கு வரல. நடுவுல எங்கியோ லூஸ்."

பலகைக்கு அடியில் கையை விட்டார். ஸ்க்ரூ டிரைவர் நாலு தரம் நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தவளை, "தொடாதே" என்று அதட்டினார். ஐந்தாம் தரம் ஸ்க்ரூ இறுகியது. பட்டனைத் தட்டியதும் பாயிண்ட் டக்கென்று திரும்பியது.

"அஞ்சும் வேலை செய்யல. எட்டும்தான்" என்றார், கொஞ்சமும் அலுப்பில்லாமல்.

அவள் தொட்டது மூணை மட்டும்தான். ஒரு வாரமாகவே இப்படித்தான், அவள் ஒன்றைக் கெடுத்தால் கூடவே ரெண்டு கெட்டுப்போகிறது. மாதாவே ஒத்தாசைக்கு வந்திருக்கிறார் என்று போன ஞாயிறு கோயிலில் மெழுகுவர்த்திகூட ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.

சாயங்காலம் எல்லாம் சரியாகி ரயில் ஓடியது. தியோடர் காபி டம்ளரை வலது கையாலேயே எடுத்தார். டம்ளர் ஆடியது, ஆனால் சிந்தவில்லை. பெர்னதெத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க. தினம் வயரைக் கழட்டுனது நான்தான்."

"தெரியும். மொத நாளே தெரியும். ஸ்க்ரூ பூரா மஞ்சள்."

"அப்புறம் ஏன் திட்டல?"

தியோடர் ஒரு வாய் காபி குடித்தார். வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஷ்ரேயாஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதே. ஒண்ணு பத்தல, அஞ்சையும் எட்டையும் நான்தான் கழட்டுனேன்."